மூன்றாவது பாட்டு

ஷட்டர் பாதியிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் உந்திப் பார்த்தாள், அசைவேனா என்றது. பிறகுதான் ஞாபகம் வந்தது, இடது மூலையில் ஓர் உதை விட வேண்டும். விட்டாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல மளமளவென்று ஏறியது.

மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த சலூன். சோப்பும் பவுடரும் கலந்த வாசனை அப்படியே இருந்தது. அப்பாவின் சட்டையில் வருகிற வாசனை அது. அப்பா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வீட்டுக் கூடத்தில் கட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள். பதினோரு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி பத்து. உட்கார்ந்து அழ அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அம்மா வேலை கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"நாலு நாள் தாடியோட அவர அனுப்ப மாட்டேன்" என்று அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அதில் நியாயம் இருந்தது. நாற்பத்தோரு வருஷம் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அப்பா முதலில் மழித்தது தன்னுடைய முகத்தைத்தான். காய்ச்சல் வந்த அன்றும் மழித்தார், கல்யாணத்தன்றும் மழித்தார். "எனக்கு மூஞ்சிதான் போர்டு" என்பார். அந்த போர்டில் இப்போது வெள்ளையாய் முள் முளைத்திருந்தது.

அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பவர், தானே செய்கிறேன் என்று முன்வந்தார். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் அவர் 'ரெண்டாம் நாற்காலி'. அவளுக்கு மாமா.

"மாஸ்டரோட கத்தி, பிரஷ், கிண்ணம், படிகாரம் எல்லாம் எடுத்துட்டு வா பாப்பா. பாட்டுப் பெட்டியையும் மறக்காம தூக்கிட்டு வா" என்றார்.

"பெட்டி எதுக்கு மாமா?"

"பாட்டு இல்லாம எனக்குக் கை ஓடாது. உங்கப்பா பண்ணி வச்ச பழக்கம்."

கண்ணாடிக்குக் கீழே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கத்தியின் கைப்பிடி, அப்பாவின் கட்டைவிரல் படுகிற இடத்தில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. பாட்டுப் பெட்டி ஜன்னலோரத்தில் இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே வாங்கிய மரப்பெட்டி. இடையில் அதன் வயிற்றைத் திறந்து யாரோ பென் டிரைவ் செருக வழி செய்து கொடுத்திருந்தார்கள். செருகியதை யாரும் பிடுங்கிவிடாதபடி பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார் அப்பா. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பெட்டியில்தான் அது நடந்தது.

அவளும் பாடுகிறவள்தான். ஆனால் அப்பா அதைப் பாட்டு என்று ஒப்புக்கொண்டதில்லை. அவளுடையது அடித்துப் பேசுகிற ராப். ஒரு மூச்சுக்கு இருபது வார்த்தை. "பாட்டா இது? பஸ்ஸ விட்டவன் கத்தற மாதிரில்ல இருக்கு" என்பார். அவளும் சும்மா விடுவதில்லை. அப்பாவின் பாட்டுகளில் வயலின்கள் எல்லாம் வரிசையாய் வந்து அழுதுவிட்டுப் போன பிறகுதான் ஆளே வாயைத் திறப்பான். "உங்க பாட்டுல ஒருத்தி 'வா'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள, கூப்பிட்டவனுக்கு நரை விழுந்துடும்பா" என்பாள். "விழட்டும். மை போட நான் இருக்கேன்" என்பார் அப்பா. இந்தச் சண்டை இருவருக்கும் சோறு தண்ணீர் மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் இது இல்லையென்றால் அம்மாவே, என்ன ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்பாள்.

ஆனால் பாட்டு எதுவானாலும் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஆரம்பித்த பாட்டு முடிய வேண்டும். முடி வெட்டி முடிந்திருந்தாலும் சரி, பாட்டு முடியாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. அப்பா பிரஷ்ஷை எடுத்துப் பின்கழுத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார், இல்லாத முடியையெல்லாம் தட்டுவார். அவசரமாகப் போக வேண்டியவர்கள் நெளிவார்கள். பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருப்பார். "நான் இல்லாம பஸ் எங்க போயிடப் போவுது?" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர், அவளுடைய பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

அவள் முதன்முதலாக முழுசாக எழுதிப் பாடி வெளியிட்ட பாட்டு. வேலை பார்க்கும் ஊரிலிருந்து அதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்து, நேராகக் கடைக்குள் நுழைந்து, பெட்டியில் செருகினாள். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா கணக்கு சாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாட்டு இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும். அப்பா திடீரென்று பாய்ந்து வந்து பென் டிரைவைப் பிடுங்கினார். முகம் சிவந்திருந்தது. "இதெல்லாம் இங்க வேணாம். போ வீட்டுக்கு" என்றார். எல்லார் எதிரிலும்.

அவள் போனாள். அன்று போனவள்தான், அதற்குப் பிறகு கடைப் படி ஏறவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாள், அப்பாவோடு சாப்பிடுவாள், அரசியல் பேசுவாள். பாட்டுப் பேச்சு மட்டும் நின்றுபோனது. அம்மா கேட்டுப் பார்த்தாள். இருவரும் வாய் திறக்கவில்லை. பிடிவாதத்தில் அச்சு அசல் அப்பா, என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

அப்பாவுக்குப் பிடிக்காததில் அவளுக்கு வருத்தமில்லை. பிடிக்காது என்று தெரிந்துதான் கொண்டுபோனாள். பாட்டின் இரண்டாம் பாதியில்தான் அப்பா வருகிறார். அதைக் கேட்கவைக்கத்தான் போனாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், அப்பா என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டபோது, 'வியாபாரம்' என்றாள். முடி வெட்டுகிறார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த டீச்சரின் கணவர் அப்பாவிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறவர். ஒரு வாரத்தில் விஷயம் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா திட்டவில்லை. "வியாபாரம்னா வியாபாரம்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் பாதிச் சோற்றில் எழுந்தது அவளுக்கு இன்றும் உறுத்தும். அதற்கான பதிலைத்தான் பதினேழு வருஷம் கழித்துப் பாட்டில் வைத்திருந்தாள். அதற்கு அரை நிமிஷம் இருக்கும்போது அப்பா நிறுத்திவிட்டார். 'அப்பா, மீதியையும் கேளுங்க' என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். கேட்காதவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்றிருந்தாள். இனிச் சொல்ல முடியாது.

பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினாள்.

வீட்டில் கூடம் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் கடைக்கு வருகிறவர்கள். கணக்கு சார், பஸ் டிரைவர், மருந்துக் கடைக்காரர், கோர்ட்டில் வேலை பார்க்கிறவர், இன்னும் யார் யாரோ. அத்தனை பேர் தலையும் அப்பா கைபட்ட தலை. எல்லாரும் ஒழுங்காக வெட்டிய முடியோடு துக்கத்துக்கு வந்திருந்தார்கள். அம்மா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ரெண்டாம் நாற்காலி சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அப்பாவின் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைப் போர்த்தி, பின்னால் முடிச்சுப் போட்டார். இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி நுரை அடித்தார்.

"போடு பாப்பா" என்றார்.

அவள் பெட்டியைப் போட்டாள். வயலின்கள் வரிசையில் வர ஆரம்பித்தன.

சித்தப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தவர் அவர். "சாவு வீட்ல பாட்டா? நாலு பேர் என்ன நினைப்பாங்க அண்ணி?"

"அந்த நாலு பேரும் இங்கதான் நிக்கறாங்க. கேட்டுப் பாருங்க" என்றாள் அம்மா. "வேலை நடக்கற இடத்துல அவருக்குப் பாட்டு வேணும்."

நாலு பேரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

முதல் பாட்டு முழுக்க நுரை போட்டு, தேய்த்து, முடியை ஊறவைப்பதிலேயே போனது. இரண்டாம் பாட்டில் கத்தி இறங்கியது. தாளத்துக்குச் சரியாக, காதோரத்திலிருந்து தாடைவரை ஓர் இழுப்பு. கத்தியைத் துடைப்பது ஒரு தாளம், அடுத்த இழுப்பு ஒரு தாளம். இப்படியா வேலை செய்வார்கள் என்று அவள் கவனித்துப் பார்த்தது இன்றுதான். அந்தப் பாட்டு அவளுக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கை அதோடு போகிற அழகைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வலது கன்னம் பளிச்சென்று வந்தது. அப்பா அப்பாவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார், பாதி மட்டும்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. பெட்டி ஒரு நொடி மூச்சு வாங்கியது. அடுத்து வந்தது வயலின் இல்லை, முரசு. அடுத்த நொடியில் அவளுடைய குரல்.

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இது எப்படி இதில்?

ரெண்டாம் நாற்காலி கத்தியை மடக்கிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பாவின் இடது கன்னம் முழுக்க நுரை.

"என்னய்யா, பாதில நிறுத்திட்டே?" என்றார் சித்தப்பா. பெட்டிப் பக்கம் போனார். "இந்தக் கூச்சல முதல்ல நிறுத்து. வண்டி வர்ற நேரமாச்சு."

"கை வைக்காதீங்க சார்" என்றார் ரெண்டாம் நாற்காலி. சத்தம் போடவில்லை, ஆனால் சித்தப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஆரம்பிச்ச பாட்டு முடியணும். அதுவுமில்லாம இந்தப் பாட்டுக்குக் கத்தி எடுக்கக் கூடாது. மாஸ்டர் உத்தரவு."

"அவரே பாதில நிறுத்தினவர்தான மாமா" என்று அவள் சொன்னாள். இரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது, குரல் உடைந்து வந்தது.

ரெண்டாம் நாற்காலி கணக்கு சாரைப் பார்த்தார். கணக்கு சார் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார், அனுமதி கேட்பதுபோல. பிறகு அவள் பக்கத்தில் வந்து, தன் இடது தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். அரை அங்குலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

"இது உன் பாட்டு போட்ட கோடும்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி நாற்காலில இருந்தது நான்தானே. உங்கப்பாவுக்குக் கை பாட்டோட போகும். நீ போட்ட பாட்டு குதிரை மாதிரி ஓடுது. கையும் கூடவே ஓடிருச்சு. நாப்பது வருஷத்துல அவர் ஒருத்தர வெட்டினது அன்னிக்கித்தான். ரத்தத்தப் பார்த்ததும் மனுஷனுக்கு உயிரே போயிருச்சு. பாட்ட நிறுத்தி, உன்ன விரட்டி, படிகாரத்த வச்சு அழுத்திக்கிட்டு எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'சார், வெளில சொல்லிடாதீங்க. எம் பொண்ணுகிட்ட முக்கியமா சொல்லிடாதீங்க. அவ பாட்டாலதான் கை தவறுச்சுன்னு நினைச்சு வருத்தப்படுவா.'"

"அத எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே சார்."

"கை தவறினத ஒத்துக்கிட்டாத்தானே மத்ததச் சொல்ல முடியும்?" என்றார் ரெண்டாம் நாற்காலி. "மாஸ்டரா ஒத்துக்குவார்? மறுநாளே செல்போன் கடைக்காரரக் கூட்டிட்டு வந்து, மூணாவது பாட்டு எல்லாம் இதுதான் வரணும்னு பக்கத்துல நின்னு ஏத்த வச்சார். தன்னோட பாட்டு ரெண்டு, உன்னோடது ஒண்ணு. ரெண்டு வருஷமா கடைல இதான் ஓடுது. கத்திரி வேலைன்னா பரவால்ல. சவரத்துக்கு வந்தவன் நுரையோட அஞ்சு நிமிஷம் உக்காந்திருக்கணும்."

"நுரை காஞ்சு மூஞ்சி அரிக்கும்" என்றார் மருந்துக் கடைக்காரர். குறையாகச் சொன்ன மாதிரி இல்லை.

"அப்பாவுக்குப் பிடிச்சிருந்ததா?"

ரெண்டாம் நாற்காலி யோசித்தார். செத்தவர் எதிரில் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "பிடிக்கல பாப்பா. கடைசி வரைக்கும் பிடிக்கல. 'தாளம் இருக்கு, ராகம் எங்கடா?'ன்னுதான் கேப்பார். யாராச்சும் அவர் கூடச் சேர்ந்துக்கிட்டு, ஆமா மாஸ்டர், நல்லால்லதான்னு சொன்னா மட்டும் கத்திரிய நிறுத்திருவார். 'அதச் சொல்ல நீ யார்றா? எழுதினது எம் பொண்ணு, தெரியும்ல?' உங்கிட்ட யாராவது சொன்னா, அடுத்த தடவை ஒரு பக்கம்தான் வெட்டுவேன்னு எல்லாருக்கும் எச்சரிக்கை வேற."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் கேட்கப்படவில்லை. மீதியையும் கேட்டாரா? கடையில் எத்தனையோ சத்தம். காற்றாடி, பேச்சு, தெரு. பாட்டு ஓடுவது வேறு, கேட்பது வேறு. இரண்டாம் பாதி தன்னைப் பற்றித்தான் என்று அப்பாவுக்குத் தெரியுமா? வாயைத் திறந்தாள்.

"உஷ்" என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமலே. "வரப்போவுது."

பெட்டியில் முரசு தணிந்தது. அவள் குரல் மட்டும், இரண்டு வருஷம் இளைய குரல், ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

*எவன்கிட்டயும் வளையாத தலை,*
*ஏறி உக்காரு, இது எங்கப்பா கடை.*
*கோட்டு போட்டவனா இரு, கொம்பனா இரு,*
*ரெண்டு விரல் வச்சா ஏதுடா தடை?*
*குனி.*

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு பாட்டில் ஒரு சின்ன மௌனம் உண்டு. அவளே வைத்த மௌனம்.

அந்த மௌனத்தில் கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் குனிந்தன. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கணக்கு சார் குனிந்தார், டிரைவர் குனிந்தார், மருந்துக் கடைக்காரரும் கோர்ட்டில் வேலை பார்க்கிறவரும் குனிந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஒற்றைச் செருப்போடு நின்று குனிந்தார். எல்லாம் பழக்கத்தில் குனிகிற குனிவு. தாடை நெஞ்சில் படும்படி, பின்கழுத்து வெளியே தெரியும்படி.

"இந்த இடத்துலதான் பின்கழுத்துக்கு வருவார்" என்று ரெண்டாம் நாற்காலி குனிந்தபடியே மெல்லச் சொன்னார். "முதல் ரெண்டு பாட்டுல காதோரத்த முடிச்சிட்டு, நீ 'குனி'ங்கறதுக்காகக் காத்துக்கிட்டு நிப்பார். நீ சொன்னதும் ரெண்டு விரல வச்சு அழுத்துவார். ஒரு தடவ கூடத் தப்பினதில்ல."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் குனியாமல் இருந்த ஆண் தலை அது ஒன்றுதான். தலையணையில் நிமிர்ந்து, பாதி முகம் பளபளப்பாகவும் பாதி முகம் நுரையாகவும், வாடிக்கையாளர்களை எல்லாம் வரிசையில் உட்காரவைத்துவிட்டு வந்து கண்ணை மூடியவர் மாதிரி இருந்தார்.

எங்கப்பா முடி வெட்டுறவர், என்று அவளுக்கு அந்த டீச்சரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

முரசு மறுபடி எழுந்தது. அவளும் குனிந்தாள். தாடை நெஞ்சில் பட்டது. சின்ன வயதில் முடி வெட்டும்போது படுகிற குளிர்ந்த விரல்களை நினைத்து, பின்கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஹாரன் ஒரு தடவை அடித்தது. சித்தப்பா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய், கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு வந்து நின்றார்.

பாட்டு முடிந்தது. தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பெட்டியில் அடுத்த பாட்டின் வயலின்கள் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவள் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.

அப்பாவின் இடது கன்னத்தில் நுரை காய்ந்துவிட்டிருந்தது. ரெண்டாம் நாற்காலி கிண்ணத்தில் வெந்நீர் விட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.